ஒற்றைக் குரலின் முதல் இறுவட்டு: வன்னியின் இளம் இசைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, கிளிநொச்சி, வவுனியா ஆகிய இடங்களில் கிற்றாரும் கீபோட்டும் ட்றம்ஸும் கொண்டு இசைக்குழுக்களில் இயங்கும் இளையோருக்கு,

வன்னியின் கோவில் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் பாடசாலை விழாக்களிலும் வாசிக்கும் குழுக்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை; அக்குழுக்களில் ஒருவர் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தம் வாழ்வையே பொருளாகக் கொண்டு, தம் பெயரில் வெளியிடும் முதல் தனி இறுவட்டுத்தான் இன்னும் மிக அரிதாக இருக்கிறது. அந்த இறுவட்டு ஏன் வேண்டும் என்பதையும், அதற்கான வேர் வன்னி மண்ணிலேயே எங்கே கிடக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதற்காகவே இம்மடல் எழுதப்படுகிறது. இது ரொக் இசையை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மின்கிற்றார், பேஸ் கிற்றார், ட்றம்ஸ் ஆகியவற்றின் உரத்த தாளத்தின்மேல், பெரும்பாலும் மூவர் நால்வர் சேர்ந்து தாமே இயற்றிப் பாடும் ரொக், அடிப்படையில் குழுவின் இசை. குழுவில் இருந்தவர் அதிலிருந்து விலகியோ விலகாமலோ முதன்முதலாகத் தனித்து வெளியிடும் தொகுப்புக்கு அவ்விசையின் வரலாற்றில் தனியிடம் கிடைத்திருப்பதும், குழுவில் சொல்ல முடியாதிருந்தது எது என்பதை அத்தொகுப்பே வெளிப்படுத்துவதால்தான்.

இதற்கு 1970ஆம் ஆண்டைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. அந்த ஆண்டில் பிரிந்துபோன பீற்றில்ஸ் குழுவின் நால்வரும் அதே ஆண்டுக்குள் தத்தம் பெயரில் தொகுப்புகளை வெளியிட்டனர்; அவற்றுள் மூன்று இங்கே கருதத்தக்கவை. போல் மக்கார்ட்னி தம் இலண்டன் வீட்டில் நான்கு தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவியொன்றை வைத்துக்கொண்டு, கிற்றார், ட்றம்ஸ், பியானோ என எல்லாவற்றையும் தாமே ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்தார். ஒரே நாடாவில் அடுத்தடுத்த தடங்களில் தனித்தனியே பதிந்து, பின்னர் எல்லாவற்றையும் ஒருசேர ஒலிக்கச் செய்யும் இம்முறையே பல்தடப் பதிவு எனப்படுவது. ஜோர்ஜ் ஹரிசன் வெளியிட்டது மூன்று இசைத்தட்டுகள் கொண்ட பெருந்தொகுப்பு. 1966இலேயே எழுதப்பட்டுக் குழுவால் ஏற்கப்படாத பாடலும் அதில் இடம்பெற்றது என்பதிலிருந்து, பெருங்குழுவொன்றின் அமைதியான உறுப்பினர் எத்தனை பாடல்களைத் தம்முள் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பது தெரியவரும். மூன்றாவது, ஜோன் லெனனுடையது.

லெனனின் தொகுப்பு வன்னியில் இருப்போர் ஒருமுறையாவது முழுமையாகக் கேட்க வேண்டிய ஒன்று. கப்பலில் தொழில் பார்த்த அவருடைய தந்தை மகனின் சிறுவயதிலேயே பிரிந்துபோனார். தாய் ஜூலியா 1958இல் வீதியில் கார் மோதி இறந்தபோது லெனனுக்கு வயது 17. உலகில் மிக அதிகம் பேர் கேட்ட குழுக்களுள் ஒன்றில் பல ஆண்டுகள் பாடியும் அந்த இழப்பை நேராகச் சொல்லியிராத அவர், தனித்து நின்று செய்த முதற் பாடற்றொகுப்பின் முதற் பாடலை மெதுவாக ஒலிக்கும் மணியோசையுடன் தொடங்கித் தாயையும் தந்தையையும் அழைக்கிறார். தொகுப்பின் இறுதிப் பாடலோ ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. சாதாரண கசெற் கருவியில் கிற்றார் ஒன்றுடன் பதிந்த அதன் ஒலி மங்கியது, இரைச்சலானது. தாய் இறந்துவிட்டாள் என்ற ஒன்றைத் தவிர அதில் வேறு செய்தியில்லை. பெரும் பணமும் சிறந்த கலையகங்களும் கைவசமிருந்த ஒருவர் அந்த மங்கலான பதிவையே தம் தொகுப்பின் முடிவாக வைத்தார்.

அந்தப் பதிவில் ஒலிப்பது ஒப்பாரிதான். இலங்கையின் தமிழ் ஊர்களில் மரணவீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாடும் ஒப்பாரியைக் கூட்டுப் பாடல் என்று பலர் கருதுகின்றனர்; உற்றுக் கேட்டால் அது அவ்வாறில்லை. இழுத்துப் பாடும் இராகமும் சில நிலையான உவமைகளும் எல்லோருக்கும் பொது. ஆனால் அவற்றுக்குள் வந்து விழும் சொற்கள் ஒவ்வொருத்தியும் அந்த இடத்திலேயே கட்டுபவை. தாய் பாடும் அடியை மனைவி பாடுவதில்லை. தங்கை பாடும் அடியைத் தாய் பாடுவதில்லை. மற்றவர்கள் அவளுக்குத் தோள் கொடுக்கின்றனர், விம்மலால் தாளம் கொடுக்கின்றனர், ஆனால் அவளுடைய உறவை அவளே பாட வேண்டும். முல்லைத்தீவு வட்டாரம் யானையை அடக்கியவளாகப் போற்றும் அரியாத்தையின் பேரில் ஓர் ஒப்பாரியையே இலக்கியமாகக் காத்து வைத்திருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டி, அவள் ஒருத்திக்காகவே அழும் பாட்டு அது. கோவலன் கூத்தைத் தம் கூத்தாகக் கொண்டாடும் மண்ணும் இதுவே. அக்கதையிலும் நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் குடிகொண்டிருக்கும் கண்ணகி ஊரைத் திரட்டிக்கொண்டு அரசவைக்குப் போகவில்லை, ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தித் தனியே போனாள். தனிக்குரல் என்பது மேற்கிலிருந்து கடன் வாங்க வேண்டிய சரக்கன்று என்பதைச் சொல்ல இவ்விரண்டுமே போதும்.

2009இல் போரின் முடிவில் நேர்ந்தவற்றுள் ஒன்று, இந்த ஒப்பாரியும் மறுக்கப்பட்டமை. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய மணற்பரப்பில், மே 18 வரை நீடித்த அந்த நாட்களில், உடலைக் கிடத்தவும் ஊரைக் கூட்டவும் அழுது முடிக்கவும் நேரமும் இடமும் இருக்கவில்லை. பலருக்கு உடலே கிடைக்கவில்லை. எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் வவுனியாவின் மெனிக் பாம் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்றது. அந்த எண் உலகின் முன் வைக்கப்பட வேண்டியதே. எனினும் எண்ணுக்கு முகம் இல்லை, ஒப்பாரியில் வரும் பிள்ளைக்கு முகம் உண்டு.

அதன் பின்னர் உருவான பாடல்களைப் பற்றி நேர்மையாகப் பேசுவதானால், அவற்றுக்கு முந்தியவற்றையும் சேர்த்தே பேச வேண்டும். இலங்கைத் தமிழரிடையே கிற்றாருடன் கூடிய பாடலுக்கு நல்லதொரு தொடக்கம் இருந்தது: நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி வைத்ததும், ஏ. ஈ. மனோகரன் பரவலாக்கியதுமான பொப்பிசை, அதாவது பைலாத் தாளத்தையும் பேச்சுத் தமிழையும் சேர்த்துக் கட்டிய இலகுவான பாடல்வகை, பாடுபவரின் குறும்பையும் குணத்தையும் முன்னே நிறுத்தியது. போர் அந்த வழியைத் துண்டித்தது. வன்னியில் அடுத்து வந்த கசெற்றுகளும் இறுவட்டுகளும் பெரும்பாலும் இயக்கத்தின் எழுச்சிப் பாடல்கள். 2017இல் காலமான எஸ். ஜி. சாந்தன் போன்ற அரிய குரல் வளம் வாய்ந்தோரும் அவற்றில் ஓர் இனத்தின் குரலாகவே பாடினர், தம் குரலாகப் பாடுவதற்கு அக்காலம் இடம் தரவில்லை. 2009க்குப் பின்னர் மே மாதந்தோறும் வெளிவரும் நினைவுப் பாடல்களும் அந்த இலக்கணத்தையே தொடர்கின்றன: ‘நாம்’ என்ற எழுவாய், ஏறிச்செல்லும் இசை, எல்லோருக்கும் பொதுவான கண்ணீர். அவை தேவையற்றவை என்று இம்மடல் கூறவில்லை. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் நினைவேந்தலாக முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்ட நாட்டில், கூட்டத்துக்குள் நின்று பாடுவது ஒரு பாதுகாப்பு என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கப்படும் விலை, 2009இல் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று என்ன நினைவிருக்கிறது, என்ன நினைவில்லை என்பது எந்தப் பாடலிலும் பதிவாகாமற் போவதுதான்.

இனி, இந்த மடலின் மையமான எடுத்துக்காட்டுக்கு வரலாம். ஈழத்தமிழர் வழிவந்த ஒருவர் தம் முதல் தனித்தொகுப்பின் மூலம் உலகின் கவனத்தை ஈர்த்த நிகழ்வுகளுள் முதன்மையானது, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 2005இல் வெளியிட்ட ‘அருளர்’. அவரை ரொக் பாடகர் என்று வகைப்படுத்துவது சரியாகாது. சொற்களைத் தாளத்துக்கு இசையப் பேசிச் செல்லும் ராப் முறையும், மின்னணு நடனத் தாளங்களும், ஜமேக்கா, பிரேசில் முதலிய நாடுகளின் தெருவிசையும் கலந்தது அவருடைய பாணி. ஆனால் அவர் இசைக்குள் நுழைந்த வாசல் ரொக் இசையின் வாசலே. கலைக்கல்லூரியில் பயின்ற அவர், இலாஸ்ரிக்கா என்ற பிரித்தானிய ரொக் குழுவின் பாடகி ஜஸ்ரின் ஃபிரிஷ்மனின் தோழியாகி, அக்குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் செய்துகொடுத்து, அவர்களின் இசைப்பயணத்தைப் படம்பிடிக்கவும் சென்றவர். குழுவுக்குப் படம் எடுக்கப் போனவர், ஃபிரிஷ்மன் இரவலாகக் கொடுத்த ரோலண்ட் எம்.சி. 505 என்ற கருவியுடன் தனித்த இசைஞராக மாறினார். தாளம், பேஸ், மெட்டு ஆகியவற்றைச் சிறுசிறு துண்டுகளாக அமைத்துச் சுழற்றி ஒலிக்கச் செய்யும் அந்த ஒரே பெட்டிதான் அவருடைய தொடக்கக் காலப் பாடல்களின் கருவி. அவற்றை அவர் உருவாக்கியதும் இலண்டனில் தம் படுக்கையறையில் இருந்தபடியே. பின்னர் தொகுப்பைச் செம்மைப்படுத்தக் கைகொடுத்தோருள் பல்ப் என்ற ரொக் குழுவின் பேஸ் கிற்றார் கலைஞர் ஸ்ரீவ் மக்கியும் ஒருவர். முதல் வெளியீடான ‘கலாங்’ பாடல் 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாகவே வெளிவந்தது.

தலைப்பின் வரலாறு இசையைவிடவும் முக்கியமானது. அருளர் என்பது அவருடைய தந்தை அருள்பிரகாசம் பூண்டிருந்த இயக்கப்பெயர். 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான அவர், 1977 வன்முறைக்குப் பின்னர் கொழும்பிலிருந்து தமிழரை வடக்கே ஏற்றிச்சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட ‘லங்காராணி’ நாவலின் ஆசிரியர் என்ற வகையில் ஈழத்து வாசகர் பலர் அறிந்தவர். போராட்ட வாழ்வில் வீட்டுக்கு எப்போதாவது வந்துபோன அவர், பாதுகாப்புக் கருதித் தம் பிள்ளைகளுக்கே வேறோர் உறவினர் என்று அறிமுகப்படுத்தப்பட்டார். தாய் கலா பிள்ளைகளுடன் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அலைந்து, 1986 அளவில் இலண்டனுக்குத் திரும்பி, தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தார். எங்கிருக்கிறார் என்று தெரியாத தந்தையின் கண்ணில் என்றாவது படும் என்ற எண்ணத்துடனேயே மகள் தன் முதல் தொகுப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். தந்தையின் கண்ணில் அது பட்டது, தலைப்பை மாற்றும்படி அவர் கேட்டார், மகள் மாற்றவில்லை. இரண்டாம் தொகுப்புக்கு அவர் தாயின் பெயரை இட்டார். இயக்கங்களின் வரலாறு எத்தனையோ நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் இயக்கப்பெயரை அப்பா என்று கூப்பிட விரும்பிய பிள்ளையின் குரலோ இத்தொகுப்பின் அட்டையிலேயே முதன்முதலாக உலகுக்குக் கேட்டது. எம்.ஐ.ஏ. என்ற எழுத்துகள் இராணுவ வழக்கில் களத்தில் காணாமற்போனவரைக் குறிப்பவை. அவர் வாழ்ந்த அக்டன் என்ற இடத்தில் காணாமற்போனவர் என்ற பொருளும் அதில் மறைந்திருக்கிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாருக்கு அந்த மூன்றெழுத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தொகுப்பைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அதன் அட்டையில் புலியும் தாங்கியும் குண்டும் அச்சுருவங்களாக வண்ணவண்ணமாக நிரம்பியிருக்கின்றன; போரைத் தொலைவிலிருந்து நினைத்த இளம் ஓவியரின் கைக்கு அவை எளிதில் வந்த சின்னங்கள். அவற்றின் துணிச்சலை மதிக்கலாம், ஆனால் முள்ளிவாய்க்காலில் வாழ்பவர் அவற்றைப் பார்த்து எழுத வேண்டியதில்லை. பதுங்குகுழிக்குள் இருந்தவருக்குத் தாங்கியின் படம் தேவைப்படாது. குழியின் மேல் அடுக்கிய மண்மூட்டைகள் தாயின் எந்தச் சேலைகளைக் கிழித்துத் தைக்கப்பட்டவை என்பது அவருக்கு நினைவிருக்கும். சேலையில் தைத்த மண்மூட்டை எந்த இலண்டன் தொகுப்பிலும் வர முடியாத பொருள். அதேவேளை, 2009 பெப்ரவரியில் முள்ளிவாய்க்காலை நோக்கி மக்கள் ஒடுக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி விருது மேடையில் பாடிய அவர், அக்காலத்தில் கிடைத்த நேர்காணல்களில் வன்னி மக்களின் நிலையை எடுத்துச் சொன்னார் என்பதும் மறக்கக்கூடாதது. ‘அருளர்’ வெளிவந்திராவிட்டால் அவருக்கு அந்த மேடையும் இருந்திராது.

செய்முறை குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்கார்ட்னியிடம் இருந்தவை நான்கு தடங்கள். இன்று கைத்தொலைபேசியில் இயங்கும் இலவசச் செயலியிலும் அதைவிடக் கூடுதலான தடங்கள் உண்டு. கலையகத்துக்குச் செலவிடப் பணம் சேரும்வரை பாடல்களைக் காக்க வைப்பதை விட, தகரக் கூரைமேல் மழை இல்லாத நேரம் பார்த்து வீட்டிலேயே பதிந்துவிடுவது மேல். எவருடைய பதிவிலிருந்தேனும் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் ஒட்டுவதற்குச் சாம்பிள் என்று பெயர். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ‘அருளர்’ தாமதமாக வெளிவந்ததற்கு இத்தகைய அனுமதிகள் கிடைப்பதிலிருந்த சிக்கலும் ஒரு காரணம். வன்னியில் கவனிக்க வேண்டியது இதற்கு மறுபுறமானது. மரணவீடுகளில் பறைமேளம் அடிக்கும் கலைஞர்களின் தாளத்தை இளையோர் தம் பாடல்களில் எடுத்தாள விரும்புவது வரவேற்கத்தக்கது. ஆனால் சாதியின் பேரால் முற்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டு வந்த அவர்களைப் பதிவிலும் பெயரில்லாத ஒலியாக நிறுத்திவிடக் கூடாது. கிற்றார் வாசித்தவரின் பெயர் எந்த அளவு எழுத்தில் அச்சாகிறதோ, அதே அளவு எழுத்தில் மேளம் அடித்தவரின் பெயரும் அச்சாக வேண்டும். கிற்றார் வாசித்தவருக்குக் கூலி உண்டானால் மேளம் அடித்தவருக்கும் அதே கூலி உண்டு.

மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கிற்றாரைக் கையில் எடுத்தவுடன் தமிழகத் திரைப்பாடலின் தமிழும் உச்சரிப்பும் வாயில் வந்துவிடுவது இங்கு வழக்கமாகியிருக்கிறது. கூத்தில் அண்ணாவியார் பாடும் தமிழ், வயலில் அரிவுவெட்டின்போது பாடும் சிந்தின் தமிழ், பாட்டியின் தமிழ் ஆகியவற்றுக்குத் தமக்கேயுரிய அசை நீளங்கள் உண்டு. ரொக் இசையின் நான்கடித் தாளத்துக்கு அவை எளிதில் இசையாது சற்று முரண்டுபிடிக்கும். அந்த முரண்டைத் தேய்த்துவிடாமல், தாளத்தை அதற்கேற்ப வளைக்கும் முதற் குழுவே வன்னியின் ரொக் எது என்பதைக் கண்டறியும்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்களுக்கும் நினைவேந்தல் ஏற்பாட்டாளர்களுக்கும் இம்மடலின் நகல் ஒன்று சேருமானால், அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: இளைஞர் ஒருவர் தம் முதல் இறுவட்டில் காதலைப் பாடினாலும், கடலில் வலைபோடுவதைப் பாடினாலும், 2009இல் தாம் கண்ட எதையும் பாட மறுத்தாலும், அதற்காக அவரை எவரும் குறை சொல்லலாகாது. லெனன் தாயின் இழப்பை நேராகப் பாட எடுத்துக்கொண்டது பன்னிரண்டு ஆண்டுகள். அவருக்கு எவரும் நாள் குறிக்கவில்லை.

இறந்தவரின் பெயரைப் பாடலில் வைக்க விரும்புவோர் முதலில் அவருடைய வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். இங்கு ஒரு பெயரை வெளியில் சொல்வதால் உயிரோடிருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ விசாரணை வரக்கூடும். மேலும், எங்கோ உயிருடன் இருக்கிறான் என்று காத்திருக்கும் தாயிடம் மகனை இறந்தவனாகப் பாடிக் காட்டுவதற்கு எந்தக் கலைஞருக்கும் உரிமையில்லை. வீட்டார் சம்மதித்தால் பெயரைப் பாடலாம். சம்மதிக்காவிட்டால் மகனே, ராசா, அண்ணா என்ற உறவுமுறை போதும். பெயரைச் சொல்லாமலே அழத்தெரிந்த பெண்கள் முள்ளிவாய்க்காலின் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள், பாடலை அவர்களிடம் ஒருமுறை பாடிக் காட்டிவிட்டுப் பதியலாம்.